அரசாங்கக் கணினிக்குள் புகுந்தவனுக்கு எத்தனை வருடம் கொடுக்கலாம்?

கேள்வி இது: அரசாங்கக் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் ஹேக்கர்களுக்குக் கடுமையான தண்டனை கொடுக்க வேண்டாமா? கேட்டவர் கூடவே வீட்டுச் சண்டையையும் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் "இது தேசத்துரோகம், ஆயுள் முழுக்க உள்ளே போடணும்" என்கிற கட்சி. இவரோ "மூளைக்காரப் பசங்க, கூப்பிட்டு வேலை கொடுங்க" என்கிற கட்சி. போதாததற்கு, கல்லூரியில் படிக்கும் தம்பி ஏதோ ஒரு அரசு இணையதளத்தில் ஓட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறானாம்.

இரண்டு கட்சியிலும் எனக்கு இடமில்லை. ஏன் என்று சொல்ல ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கேரி மெக்கின்னன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1966இல் பிறந்தவர், லண்டனில் வளர்ந்தவர். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியிலிருந்து 2002 மார்ச் வரை, வட லண்டனில் தன் காதலியின் அத்தை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சாதாரண டயல்-அப் மோடம் வழியாக 97 அமெரிக்க அரசுக் கணினிகளுக்குள் போயிருக்கிறார். குற்றப்பத்திரிகைக் கணக்குப்படி தரைப்படையுடையது 53, கடற்படையுடையது 26, நாசாவுடையது 16, விமானப்படையில் ஒன்று, பாதுகாப்புத் துறையில் ஒன்று. அமெரிக்க அரசு வழக்கறிஞர் இதை உலகத்திலேயே மிகப் பெரிய ராணுவக் கணினி ஊடுருவல் என்று அறிவித்தார்.

எதற்காகப் போனார்? பறக்கும் தட்டுகளுக்காக. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றியும், எண்ணெயே தேவைப்படாத இலவச எரிசக்தி பற்றியும் அமெரிக்க அரசு எதையோ மறைக்கிறது என்று அவர் முழுமனதாக நம்பினார். ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தின் கணினி ஒன்றில் சுருட்டு வடிவத்தில் ஏதோ மிதக்கும் படம் ஒன்றைப் பார்த்ததாகப் பின்னாளில் பேட்டி கொடுத்தார். படம் முழுதாக இறங்குவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டதாம். அந்தக் கால மோடத்தில் கோயில் திருவிழா போட்டோ ஒன்றை இறக்கியவர்கள் அவருடைய வேதனையைப் புரிந்துகொள்வார்கள்.

எப்படிப் போனார் என்பதுதான் முக்கியம். சினிமாவில் காட்டுவது போலப் பச்சை எழுத்துகள் மழையாகக் கொட்டும் வித்தை எதுவும் இல்லை. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் குட்டி நிரல். அது வரிசையாக விண்டோஸ் கணினிகளைத் தட்டிப் பார்க்கும்: அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்குப் பாஸ்வேர்டு காலியாக இருக்கிறதா? காலி என்றால் உள்ளே. தவறான பாஸ்வேர்டு என்றோ சுலபமான பாஸ்வேர்டு என்றோகூடச் சொல்ல முடியாது, பாஸ்வேர்டே இல்லை. அமெரிக்க ராணுவத்தின் கணினிகளில். உள்ளே போனதும், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும், கடையில் கிடைக்கிற மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொண்டார். திறந்த வீட்டில் நாய் நுழைந்தது போல என்பார்களே, அதுதான். இதை வைத்து நாய் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை.

அவர் வெறும் வேடிக்கை பார்த்தவர் என்று நம் ஊர் இணைய விவாதங்களில் சொல்லப்படுவதும் அரைகுறை உண்மை. அமெரிக்கத் தரப்பின் குற்றச்சாட்டு கனமானது. வாஷிங்டன் ராணுவ வட்டாரத்தில் முக்கியமான கோப்புகளை அழித்ததால் 2,000 கணினிகள் கொண்ட வலையமைப்பு 24 மணி நேரம் முடங்கியது என்றார்கள். நியூஜெர்சியில் ஏர்ல் என்ற இடத்தில் கடற்படையின் ஆயுதக் கிடங்கு இருக்கிறது, அட்லாண்டிக் கடற்படைக்கு வெடிபொருள் போவது அங்கிருந்துதான். செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்த கையோடு அங்கே 300 கணினிகள் படுத்துவிட்டன என்றார்கள். மொத்த நஷ்டம் ஏழு லட்சம் டாலருக்கு மேல். நுழைந்ததை மெக்கின்னன் ஒப்புக்கொண்டார், நாசம் செய்ததை மறுத்தார். ஆனால் ஒரு ராணுவக் கணினியில் அவர் விட்டுவந்த குறிப்பு இருக்கிறது. அதில் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கையைத் திட்டி, 'சோலோ' என்று கையெழுத்துப் போட்டு, மிக உயர்ந்த இடங்களில் தொடர்ந்து இடையூறு செய்வேன் என்று எழுதியிருந்தார். பறக்கும் தட்டைத் தேடிப் போன அப்பாவி அப்படி எழுத மாட்டார். நியூயார்க்கில் கட்டடங்கள் விழுந்த சில மாதங்களில் அந்தக் குறிப்பைப் படித்த அதிகாரியின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அதிகாரியின் நிலைமையில் நான் சின்ன அளவில் இருந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை ஒரு சர்வரின் முகப்புத் திரையில் புதிதாக ஒரு கோப்பு. திறந்தால் ஒரே வரி: பாஸ்வேர்டை மாத்துங்க சார். கெடுதல் எதுவும் செய்திருக்கவில்லை. செய்திருக்கவில்லை என்பது இன்றைக்குத் தெரியும், அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி எழுதிவிட்டுப் போனவன் பின்வாசல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போகவில்லை என்று யார் சத்தியம் செய்வது? மூன்று நாள் தூக்கம் இல்லாமல் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவினோம். ஆகவே "நான் எதையும் தொடவில்லையே" என்று ஹேக்கர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டுக்குள் வந்து போனவன் எதையும் எடுக்காவிட்டாலும், சாப்பாட்டை அன்றைக்குக் கொட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதே கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று மேலாளர் நஷ்டக் கணக்கு எழுதச் சொன்னார். எங்கள் மூன்று நாள் சம்பளம், சரி. அப்புறம் புது ஃபயர்வால் வாங்கிய விலை. அப்புறம் ஒரு ஆலோசகரின் கட்டணம். அந்த ஃபயர்வால் ஒரு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியது, பணம் ஒதுக்காமல் தள்ளிப்போட்டவர்கள் நாங்கள். பூட்டு வாங்கிய செலவைத் திருடன் தலையில் கட்டினோம். சர்வரின் பாஸ்வேர்டும் பயனர் பெயரும் ஒன்றேதான் என்ற விஷயம் அந்தப் புகார் வரைவில் எங்கேயும் இல்லை. கடைசியில் புகாரே கொடுக்கவில்லை, அது போகட்டும்.

மெக்கின்னன் வழக்கில் ஏழு லட்சம் டாலர் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரைவு ஞாபகம் வரும். அமெரிக்காவின் கணினி மோசடிச் சட்டம் 1986ஆம் ஆண்டுடையது. அதில் நஷ்டம் 5,000 டாலரைத் தாண்டினால் குற்றத்தின் எடை கூடும். நஷ்டம் என்றால் உடைந்ததன் விலை மட்டும் இல்லை. என்ன நடந்தது என்று ஆராய்ந்த செலவு, பழைய நிலைக்குக் கொண்டுவந்த செலவு எல்லாம் சேரும். நியாயம்தான், என்னுடைய மூன்று நாள் தூக்கமும் அதில் வரும். ஆனால் காலிப் பாஸ்வேர்டை நிரப்பிய செலவு எந்தக் கணக்கில் வர வேண்டும்? எது உண்மையான சேதம், எது தன் அலட்சியத்துக்கு அரசு போட்ட பில் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் நீதிமன்றம். குறுக்கு விசாரணை நடந்திருந்தால் அது வெளியே வந்திருக்கும். நடக்கவே இல்லை. இந்த வழக்கின் பெரிய சோகம் அதுதான்.

2002 மார்ச்சில் லண்டன் போலீஸ் அவரைப் பிடித்து விசாரித்தது. அப்போது பிரிட்டனில் 1990ஆம் வருடத்துக் கணினித் துர்ப்பிரயோகச் சட்டம் இருந்தது. (அந்தச் சட்டம் வந்த கதையே தமாஷானது. 1980களில் இரண்டு பேர் பிரெஸ்டெல் என்ற கணினித் தகவல் சேவைக்குள் புகுந்து, எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப்பின் அஞ்சல் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கள்ளக் கையெழுத்துக்கான சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், அது பொருந்தாது என்று கிடைத்த விடுதலையை 1988இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை உறுதிசெய்துவிட்டது. அதற்கப்புறம்தான் தனிச் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள்.) அந்தச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைந்ததற்கு மட்டும் அன்றைக்கு அதிகபட்சம் ஆறு மாதம். கணினியில் உள்ளதை மாற்றிக் கெடுத்ததற்கு ஐந்து வருடம். அங்கேயே வழக்கு நடந்திருந்தால் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் வழக்கை அமெரிக்கா நடத்தும் என்று முடிவானது. 2002 நவம்பரில் வர்ஜீனியாவில் ஏழு குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்து வருடம், கூட்டினால் எழுபது. அந்த எழுபதுதான் பத்திரிகைகளில் வந்தது. உண்மையில் அத்தனையும் கொடுக்க மாட்டார்கள், ஆனால் வழக்கின் உட்புறத்தைப் பாருங்கள். தானாக அமெரிக்கா வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று, நாலு வருடம். அதிலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை மட்டும் அங்கே, மிச்சம் பிரிட்டனில். எதிர்த்து நின்றால் எட்டு முதல் பத்து வருடம் அல்லது அதற்கும் மேல், ஊருக்குத் திரும்பும் பேச்சும் கிடையாது. இந்த பேரம் பிரபுக்கள் சபையின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு ஆள் உண்மையிலேயே ஒரு வல்லரசின் பாதுகாப்பைக் குலைத்த அபாயகரமானவன் என்றால், வரிசையில் ஒழுங்காக வந்து நின்றான் என்பதற்காக ஆறு மாதத்தில் ஊருக்கு அனுப்புவீர்களா? ஆறு மாதம் போதும் என்றால் எதிர்த்து நின்றதற்காகப் பத்து வருடமா? அந்த வித்தியாசம் கணினிக்குள் நடந்த எதற்கும் விலை இல்லை. அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடியதற்கான விலை அது.

மெக்கின்னன் எதிர்த்து நின்றார். குற்றம் சாட்டப்பட்டவரை வேறு நாட்டின் கையில் கொடுப்பதற்கான, பிரிட்டனின் 2003ஆம் வருடத்துப் புதிய ஒப்படைப்புச் சட்டப்படி, கேட்பது அமெரிக்காவாக இருந்தால் முதல்நிலைச் சாட்சியங்களை லண்டன் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியதில்லை. 2005இல் கைது, பிறகு ஜாமீன், இணையத்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை. 2008 ஜூலையில் பிரபுக்கள் சபை கைவிட்டது. அடுத்த மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். அங்கேயும் இல்லை. அதே ஆகஸ்டில்தான், நாற்பதைத் தாண்டிய அந்த மனிதருக்கு ஆஸ்பெர்கர் குறைபாடு இருப்பதாக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹன் கண்டறிந்தார். ஆட்டிசம் வகையைச் சேர்ந்தது அது. அவருடைய தாய் ஜேனிஸ் ஷார்ப் ஊரையே கூட்டினார். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் உட்பட இசைக்காரர்கள் பாடினார்கள், பத்திரிகைகள் இயக்கம் நடத்தின. 2010இல் வாஷிங்டன் போன பிரதமர் டேவிட் கேமரூன் அதிபர் ஒபாமாவிடம் இதைப் பேசினார். காலிப் பாஸ்வேர்டில் தொடங்கியது எங்கே வந்து நின்றது பாருங்கள்.

2012 அக்டோபர் 16 அன்று உள்துறைச் செயலர் தெரசா மே ஒப்படைப்பைத் தடுத்தார். அனுப்பினால் அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம், அது அவருடைய மனித உரிமைக்கு விரோதம் என்பது காரணம். சரி, பிரிட்டனிலாவது வழக்கு உண்டா? டிசம்பரில் அரசு வழக்குகளின் இயக்குநர் அதுவும் இல்லை என்று அறிவித்தார். சாட்சியங்களும் சாட்சிகளும் அமெரிக்காவில், தண்டனை கிடைக்கும் வாய்ப்பு குறைவு. அந்த இயக்குநரின் பெயர் கியர் ஸ்டார்மர், பின்னாளில் பிரதமரானவர்.

ஆக மொத்தம் என்ன நடந்தது? குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு ஒரு நாள் சிறைத்தண்டனைகூட விதிக்கப்படவில்லை. அதே ஆள் பத்து வருடத்துக்கு மேல், எழுபது வருடச் சிறை தலைமேல் தொங்க, வேலை இல்லாமல், மனம் உடைந்து உட்கார்ந்திருந்தார். ஏர்ல் கிடங்கில் 300 கணினிகள் ஏன் படுத்தன என்ற கேள்விக்கு இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் பதில் இல்லை. கடுமையான தண்டனை வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றதால் கிடைத்தது இது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கொடுத்திருக்கக்கூடிய ஊர்க் கோர்ட்டில் விட்டிருந்தால், அவருக்கும் ஒரு கணக்கு தீர்ந்திருக்கும், அமெரிக்காவுக்கும் தீர்ந்திருக்கும். இந்த வழக்கிலிருந்து பிரிட்டன் ஒன்று கற்றுக்கொண்டது. உள்ளூரிலேயே விசாரிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆளை அனுப்பத் தேவையில்லை என்று நீதிபதி சொல்வதற்கு 2013இல் சட்டத்தில் இடம் வைத்தார்கள். 2018இல் லாரி லவ் என்ற இன்னொருவரை அமெரிக்கா கேட்டபோது உயர் நீதிமன்றம் அதையும் ஒரு காரணமாக வைத்து மறுத்தது.

இதைக் கேட்டு "பார்த்தீர்களா, நான் சொன்னதுதான், பாவம் பசங்க" என்று கேள்வி கேட்டவர் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் கட்சிக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

1998 பிப்ரவரி. ஈராக் மீது குண்டு போடலாமா என்று அமெரிக்கா யோசித்துக்கொண்டிருந்த நேரம். ராணுவக் கணினிகளுக்குள் யாரோ வரிசையாகப் புகுகிறார்கள், தடம் மத்தியக் கிழக்கு வழியாகப் போகிறது. சதாம் உசேனின் வேலை என்று பெண்டகன் பதறியது. பிடித்துப் பார்த்தால் கலிஃபோர்னியாவில் இரண்டு பள்ளிப் பையன்கள், அவர்களுக்கு வித்தை சொல்லிக் கொடுத்த எஹூத் டெனன்பாம் என்ற 18 வயது இஸ்ரேலியர். அவருடைய ஊரில் அவர் நாயகன் ஆகிவிட்டார். பிரதமர் நெதன்யாகுவே அவர் திறமையை மெச்சிப் பேசினார். ஒரு கணினி நிறுவனம் விளம்பரத்தில் போட்டது. நீதிமன்றம் முதலில் சமூக சேவை விதித்தது, அரசு மேல்முறையீடு செய்த பிறகுதான் சிறை. பத்து வருடம் கழித்து, 2008இல், அதே ஆள் கனடாவில் கைதானார். இந்தத் தடவை வங்கி அட்டை மோசடி. தட்டிக்கொடுத்தால் எல்லோரும் திருந்திவிட மாட்டார்கள். ஒருவனைச் சிறையில் பத்து வருடம் வைப்பது முட்டாள்தனம் என்றால், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

தண்டனையின் அளவு வாசல் பலகையில் 'அரசு' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவாகக்கூடாது என்பதுதான் என் கட்சி. உள்ளே போன கை என்ன செய்தது, யாருக்கு வலித்தது என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்று ஒரு உள்ளாட்சிப் பகுதி. அங்கே கழிவுநீர் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. 2000ஆம் வருடத்தின் தொடக்க மாதங்களில் காருக்குள் மடிக்கணினியும் ரேடியோ கருவியுமாகச் சுற்றி, பம்புகளுக்குப் பொய்க் கட்டளைகள் அனுப்பினார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, 40 தடவைக்கு மேல். எட்டு லட்சம் லிட்டர் சாக்கடை நீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு பெரிய ஓட்டல் வளாகத்திலும் பாய்ந்தது. மீன்கள் செத்தன, தண்ணீர் கறுத்தது, ஊரே நாறியது. இது தெரிந்தே, பழிவாங்க, திரும்பத் திரும்பச் செய்தது. கிடைத்த தண்டனை இரண்டு வருடம்.

இன்னொன்று. 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அந்த முக்கால் டாலரைத் துரத்திக்கொண்டு போனார். மறுமுனையில் இருந்தவர் ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த மார்க்குஸ் ஹெஸ். அமெரிக்க ராணுவக் கணினிகளை நோண்டி, எடுத்ததை சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர். 1990இல் உளவுக் குற்றம் நிரூபணமானது. தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விட்டார்கள்.

சாக்கடையைத் திறந்துவிட்டவருக்கு இரண்டு வருடம். எதிரி நாட்டுக்கு விற்றவருக்கு நிறுத்திவைத்த தண்டனை. பறக்கும் தட்டைத் தேடியவருக்கு எழுபது வருட மிரட்டல். மூன்றையும் ஒரே தராசில் போட்ட யாருமே இல்லை என்பது தெரிகிறது. என்னைக் கேட்டால் முதல் இருவருக்கும் கிடைத்தது குறைவு. மரூச்சியில் யாராவது நோயில் விழுந்திருந்தால் இரண்டு வருடம் கேலிக்கூத்தாக இருந்திருக்கும். 2015இல் பிரிட்டன் தன் சட்டத்தைத் திருத்தி, உயிருக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ கடும் சேதம் விளைவிக்கும் தாக்குதலுக்கு ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. அந்த இடத்தில் அண்ணன் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. மருத்துவமனை, தண்ணீர், மின்சாரம் என்று தெரிந்தே கை வைப்பவனுக்கு வயசும் திறமையும் சாக்காகாது.

ஆனால் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: அப்படிப்பட்டவர்கள் கையில் சிக்குகிறார்களா? 2017 மே மாதம், கணினியில் உள்ளதைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத் தாக்குதல் உலகத்தைச் சுற்றி வந்தபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. இதற்கு வடகொரியா பொறுப்பு என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்லின. 2018இல் அமெரிக்கா ஒரு வடகொரியரின் மேல் வழக்கும் பதிந்தது. ஆளைப் பிடிக்க முடியுமா? அவருக்கு ஆயுளோ தூக்கோ எழுதிவைத்தாலும் அவர் அலுவலகத்துக்குப் போய்வருவது நிற்காது. இந்தத் தாக்குதல் பரவப் பயன்பட்ட கருவி, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து கசிந்தது. விண்டோஸில் ஓட்டை இருப்பதைத் தெரிந்துகொண்டு, தங்கள் உபயோகத்துக்காக வெளியே சொல்லாமல் மறைத்துவைத்திருந்தவர்கள் அவர்கள். அதற்கு யாருக்கும் ஒரு நாள் தண்டனையும் இல்லை.

அரசாங்கம் அனுப்பும் ஆள் சிக்க மாட்டார், தனக்கென்று வேலை செய்கிற பெரிய கொள்ளைக்காரர் சிக்குவது அபூர்வம். அத்தை வீட்டிலிருந்து சொந்த இணைப்பில் புகுகிறவர் சிக்குவார். கடும் தண்டனை என்று சட்டத்தில் எழுதும்போது யாரை நினைத்து எழுதுகிறோமோ அவர் மேல் அது விழுவதில்லை. பயமுறுத்தித் தடுக்கலாம் என்றாலும், குற்றவியல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்வது, தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட மாட்டுவோம் என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கும் என்று. இரவெல்லாம் பீரும் கஞ்சாவுமாக மோடத்தின் முன் உட்கார்ந்திருந்த மெக்கின்னன் வர்ஜீனியாவின் தண்டனைப் பட்டியலைப் பார்த்துவிட்டா தொடங்கியிருப்பார்? முதல் வாரத்திலேயே பாஸ்வேர்டு வைத்திருந்தால் ஒரு கணினியோடு நின்றிருக்கும், 97 ஆகியிருக்காது.

அமெரிக்காவுக்கும் இது மெதுவாக உறைத்தது. 2016இல் பெண்டகனே தன் இணையதளங்களைத் தாக்கிப் பார்க்க ஹேக்கர்களைக் கூப்பிட்டது. 1,400க்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள், 138 உண்மையான ஓட்டைகள் கிடைத்தன. மொத்தச் செலவு ஒன்றரை லட்சம் டாலர், அதில் பாதி ஹேக்கர்களுக்கு. மெக்கின்னன் மேல் போட்ட நஷ்டக் கணக்கில் கால் பங்குகூட இல்லை. 2022 மே மாதம் அமெரிக்க நீதித்துறை, நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்காக யார் மேலும் 1986ஆம் வருடச் சட்டத்தில் வழக்குப் போடக்கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்கு உத்தரவு போட்டது. நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. அரசு இணையதளத்தில் ஓட்டையைக் கண்டு முறையாகச் சொன்னால் ஒரு டி-ஷர்ட் வரும்: டச்சு அரசாங்கத்தை ஹேக் செய்தேன், கிடைத்ததோ இந்த மட்டமான டி-ஷர்ட்தான் என்று அதில் எழுதியிருக்கும். பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தும் கிடைக்காத பெருமையோடு அதைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களைப் பார்க்கலாம்.

இனி தம்பி விஷயம். அவன் இருப்பது நெதர்லாந்தில் இல்லை, இந்தியாவில். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் வருடத்துடையது. 66ஆம் பிரிவில் கெட்ட எண்ணத்தோடு அனுமதியில்லாமல் நுழைந்தால் மூன்று வருடம்வரை. அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்திருக்கும் கணினியானால் 70ஆம் பிரிவு, பத்து வருடம்வரை. 2008 திருத்தத்தில் வந்த 66எஃப், சைபர் பயங்கரவாதம், ஆயுள்வரை போகும். பயங்கரவாதம் என்றதும் வெடிகுண்டு மாதிரி ஏதோ என்று நினைக்க வேண்டாம். நாட்டின் பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் தகவலை அனுமதியில்லாமல் எட்டிப் பார்ப்பதும், அது நாட்டின் நலனுக்கு எதிராகப் பயன்படக்கூடும் என்று நினைக்கக் காரணம் இருந்தால், அந்தப் பிரிவுக்குள் வரும். தம்பிக்கு அந்த அளவுக்குப் போகாது, ஆனால் நல்ல எண்ணம் இருந்தது என்பதை நிரூபிக்கும் வேலை கோர்ட்டு வாசலில் அவனுக்கு வரக்கூடாது.

ஆகவே அவனிடம் இப்படிச் சொல்லுங்கள். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட வேண்டும். முகவரியில் ஒரு எண்ணை மாற்றினால் வேறொருவரின் விண்ணப்பம் வருகிறது என்றால், அடுத்த நூறு எண்களையும் மாற்றிப் பார்க்கக்கூடாது. எதையும் இறக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. நண்பர்கள் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடக்கூடாது, முக்கியமாக, போட்டுவிட்டு அழிக்கவும் கூடாது, அது இன்னும் மோசமாகத் தெரியும். என்ன செய்தான், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்கட்டும். சொந்தப் பெயரிலேயே செர்ட்-இன் அமைப்புக்கு எழுதட்டும். 2004இலிருந்து இதற்காகவே இருக்கிற மத்திய அரசு அமைப்பு அது, ஓட்டைகளைத் தெரிவிக்க முறையான வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் துறையின் அலுவலகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டாம். அங்கே இருப்பவர் என் பழைய மேலாளர் மாதிரி ஆளாக இருந்தால், முதலில் நஷ்டக் கணக்குதான் எழுத ஆரம்பிப்பார்.